மீன் புத்தகம் இருந்த இடம்

மார்ச் 9

ஆமா, லைப்ரரிக்குத்தான் போறேன். வேற எங்க போவேன்னு நினைக்கிற? வியாழக்கிழமை நாலு மணிக்கு மாமாவோட சலவைக் கூடத்துல ஷிஃப்ட் முடியுது, நாலேகாலுக்கு நான் அங்க. மாமா நகர்ந்த நேரம் பாத்து போன்ல சொன்னா சிரிக்கிற, "நீயும் லைப்ரரியுமா"ன்னு. அது மாமா போன். அதுக்குள்ள மாமா திரும்பி வந்து பக்கத்துலயே நிக்கிறாரு. நான் என்னத்த விளக்கறது? நீ கத்த, நான் கத்த, நீ கட் பண்ணிட்ட. "இனிமே எழுதிப் போடு, எழுத்துல பொய் சொன்னா கையில ஆதாரம் இருக்கும்"னு சொன்னல்ல. இந்தா ஆதாரம். பத்திரமா வச்சுக்க.

என் போன் போன கதைய நீ நம்பலன்னு தெரியும். ஓட்டல் பெட்ஷீட் நாப்பதோட சேந்து சலவை டிரம்முக்குள்ள போச்சு. ஒன்றரை மணி நேரம் கொதிதண்ணி. வெளிய எடுத்தப்ப மணக்க மணக்க இருந்துச்சு, உசிருதான் இல்ல. ஈமெயில் தொறக்கலாம்னா அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. அனுப்புறான். மாமா புதுசு வாங்கித் தரேன்னு மூணு மாசமா சொல்றாரு.

சரி, லைப்ரரி. ஒரு நாள் மழை. வாசல்ல ஒதுங்கி நின்னேன். சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பொம்பள கதவத் தொறந்து, உள்ள ஒரு நாற்காலியக் காட்டிட்டு அவ வேலையப் பாக்கப் போயிட்டா. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஏன் வந்த, யாரப் பாக்கணும், எப்பப் போவன்னு ஒருத்தரும் கேக்கல. அக்கா, கேள்வி கேக்காத எடத்துல எனக்கு பயம் வருது. நம்மள ஒரு கட்டடத்துக்குள்ள விட்டுட்டு யாராவது சும்மா இருப்பாங்களா?

கார்டும் குடுத்தா. பேரு, அட்ரஸ், ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. ஒரே நேரத்துல ஆறு புத்தகம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம். எங்கிட்ட என்ன ஈடு வாங்கினா? ஒண்ணுமில்ல. அதான் நான் உஷாரா ரூம் நம்பர மாத்தி எழுதினேன். தேடி வந்தா எதிர் ரூம்காரன் மாட்டட்டும்.

வியாழக்கிழமை அங்க இந்த ஊரு பாஷை பேசிப் பழகற கூட்டம். என்ன மாதிரி புதுசா வந்தவங்க எட்டுப் பேரு, வட்ட மேசை, சிவப்புக் கண்ணாடி நடுவுல. "லிஃப்ட் வேலை செய்யல." "எனக்கு முதுகுல வலி." "நாளைக்கு வரமுடியாது, மன்னிக்கணும்." இதையே திருப்பித் திருப்பிச் சொல்லணும். அவங்க ஊர்ல பல் டாக்டரா இருந்த ஒருத்தரு "முதுகுல பல்"னு சொல்லி மாட்டிக்கிட்டாரு. செவ்வாய்க்கிழமை எந்த ஆபீஸ் பாரம் கொண்டு போனாலும் நிரப்பித் தராங்களாம், சுவத்துல எழுதிப் போட்டிருக்கு. நான் அந்தப் பக்கமே போகல. பாரத்தக் காட்டினா நம்ம ஜாதகமே அவங்க கையில.

மாமாவுக்கு நான் போறது தெரியாது. வந்த அன்னைக்கே சொன்னாரு: "கவர்மெண்டு கட்டடத்துல கால வைக்காத. இலவசம்னு எழுதியிருந்தா அது தூண்டில்."

அவர் சொல்றதும் சரியாத்தான் படுது. ஆனா அங்க நாற்காலி நல்லா இருக்கு.

தம்பி

*

மார்ச் 22

தம்பிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை பழைய ஞாபகம் வந்துவிட்டது.

நான்கு மாதம். காலையில் எட்டரை மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, நான் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போனாய். சாயந்திரம் வந்து, இன்றைக்கு என்ன பாடம் என்று நான் கேட்டால், வாத்தியார் மூக்கைச் சொறிந்தது வரைக்கும் சொன்னாய். கடைசியில் காலேஜ் வாட்ச்மேன் மருந்து வாங்க என் கடைக்கு வந்தபோது, "உங்க தம்பி ஏம்மா இப்பல்லாம் வர்றதில்ல?" என்று கேட்டார். கவுன்ட்டருக்குப் பின்னால் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். அந்த நான்கு மாதம் எங்கே போனாய் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. இப்போது லைப்ரரி என்கிறாய். பல் டாக்டர் கதை நன்றாக இருக்கிறது. வாத்தியார் மூக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நீ எங்கே சுற்றுகிறாய் என்பதைவிட எனக்கு வேறு கவலை. உன் தங்கும் அட்டைக்கு ஒரு வருஷம்தான். மே முப்பதோடு முடிகிறது. மருந்து அட்டையைத் திருப்பி காலாவதித் தேதி பார்ப்பதுதான் என் தொழில், அந்தத் தேதி எனக்கு மறக்காது. மாமாவிடம் கேட்டேன். "நான் பார்த்துக்கறேன்மா, நீ உன் கடையப் பாரு" என்றார். அம்மாவின் கூடப்பிறந்தவர். உன்னை அங்கே கூட்டிப் போய், வேலையும் ரூமும் கொடுத்தவர். அவர் பேச்சைக் கேட்டு நட. அட்டை காலாவதியாகிப்போனால் திரும்பி வர வேண்டியதுதான். இங்கே உனக்கு என்ன இருக்கிறது, நீயே சொல்.

லைப்ரரிதான் என்றால் ஆதாரம் அனுப்பு. கதை வேண்டாம். சீல் குத்தின காகிதம் வேண்டும்.

அக்கா

பி.கு. எதிர் ரூம்காரர் என்ன பாவம் செய்தார்?

*

ஏப்ரல் 3

ஆதாரம் கேட்டல்ல. உள்ள இருக்கிற காகிதத்தப் பாரு. புத்தகத்தோட முதல் பக்கத்துல ஒட்டியிருந்த சீட்டு, திருப்பித் தர வேண்டிய தேதி போட்டு, லைப்ரரி சீல் குத்தினது. கிழிச்சுட்டேன். பசை நல்லா போட்டிருந்தாங்க, பாதிப் பக்கம் கூடவே வந்துடுச்சு. எல்லாம் உன்னாலதான்.

எந்தப் புத்தகம்னு கேப்ப. அங்க ஒரு தட்டுல தமிழ்ப் புத்தகம் இருக்கு. பதினோரு புத்தகம். நாலு கர்ப்பிணிகளுக்கு, மூணு சமையல், ஒண்ணு கணக்கு, ரெண்டு நாவலு. மிச்சம் ஒண்ணு வீட்டுல தொட்டி வச்சு மீன் வளக்கறது எப்படின்னு. மாமா ரூம்ல ஒரு மீன்தொட்டி இருக்கு. சனிக்கிழமை அதக் கழுவறது என் வேலை. போன தடவை ஒரு மீனு செத்து மிதந்துச்சு, அதுக்கு ரெண்டு நாளு முறைச்சாரு. அதான் எடுத்தேன்.

இப்ப கேளு. அந்தச் சீட்டுல எனக்கு முன்னாடி ஒரே ஆளு எடுத்த மாதிரிதான் தேதி. தொடர்ந்து ஆறு தடவை, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. மாமா இங்க வந்து எத்தன வருஷம்? புத்தகத்துக்குள்ள பென்சில் கோடு. கோடு போட்ட நாலு மீனும் அப்படியே அவர் தொட்டில நீந்துது.

எனக்கு அரிப்பு எடுத்துருச்சு. வெள்ளிக்கிழமை அவர் மெஷின்காரனோட சண்ட போடப் போனாரு. கத்திரிக்கோல் எடுக்கற சாக்குல அவர் டிராயரத் தொறந்தேன். அடியில லைப்ரரி கார்டு. முனையெல்லாம் தேஞ்சு போய், மாமா போட்டோவோட. தலை நிறைய முடி. என்னப் போவாதன்னு சொன்ன ஆளு.

அதுக்கு மேல ஒரு கவர். ஆபீஸ் முத்திரை. என் பேரு. பிரிச்சிருக்கு. தபால் தேதி பிப்ரவரி. எனக்கு அந்த பாஷை படிக்க வராது, ஆனா மே முப்பதுன்னு இருந்தது புரிஞ்சுது. அது வந்துச்சுன்னே அவர் எங்கிட்ட சொல்லல. சத்தம் கேட்டு வச்ச எடத்துலயே வச்சுட்டேன்.

நேரா லைப்ரரிக்குப் போய் சிவப்புக் கண்ணாடிகிட்ட கேட்டேன். இந்தப் புத்தகத்த முன்னாடி எடுத்தது யாரு? மாமா பேரச் சொல்லி, இவரா? இவர் இங்க எதுக்கு வந்தாரு, என்ன பாரம் நிரப்பினாரு? தெரிஞ்ச வார்த்தையெல்லாம் போட்டு வேர்த்து வழிஞ்சு கேட்டேன். அவ கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, எனக்குப் புரியற மாதிரி மெதுவா சொன்னா: "யார் வந்தாங்க, யார் என்ன எடுத்தாங்கன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்ல."

"அவர் என் சொந்த மாமா"ன்னேன்.

"யாருக்கும்"னா.

முடிஞ்சு போச்சு. எனக்குக் கொதிக்குது. என் அட்ரஸ் வேணும், என் போட்டோ வேணும், நான் ஒரு கேள்வி கேட்டா வாய்ல பூட்டு. அவரும் இவளும் கூட்டு. அவருக்கு ஆளு பிடிச்சுத் தர எடமே இதுதானோ என்னவோ. பேச்சு வட்டமாம் பேச்சு வட்டம்.

சீட்டு கிழிச்சதத் தெரிஞ்சா போலீஸக் கூப்பிடுவா. புத்தகத்த மெத்தைக்கு அடியில வச்சிருக்கேன்.

*

ஏப்ரல் 14

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியல.

சொல்லிட்டா அக்கா. சிவப்புக் கண்ணாடி சொல்லிட்டா. நேத்து மடிக்கற மேசையில நானும் மாமாவும் எதிரெதிர்ல, ஒரு ஷீட்டோட ரெண்டு முனை அவர் கையில, ரெண்டு முனை என் கையில. நடுவுல சேரும்போது மூஞ்சிக்கு நேரா மூஞ்சி. அப்பக் கேட்டாரு.

"லைப்ரரியெல்லாம் போறியாம்ல."

"யாரு சொன்னா?"

"காத்து சொல்லுச்சு. மடி, மடி, முனை கோணுது பாரு." அடுத்த ஷீட்ட உதறிட்டு, "வியாழக்கிழமை இனிமே ஆறு மணி வரைக்கும் வேலை. உனக்கு மட்டும்"னாரு.

எங்கிட்ட வாய்ல பூட்டுன்னு சொன்னேனே, அவர்கிட்ட பூட்டு கழண்டுடுச்சு போல. யாருக்கும் சொல்றதில்லையாம். எவ்ளோ அழகா சொன்னா. நானும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன்.

இனி அந்தப் பக்கம் போகல. நீ சொன்னதே சரி. நாற்காலியப் பாத்து மயங்கினது என் தப்பு.

*

ஏப்ரல் 25

தம்பி,

உன் இரண்டு கடிதமும் வந்துவிட்டன. முதல் கடிதம் பன்னிரண்டாம் தேதி. இரண்டாவது இன்று.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். காற்று நான்தான். அந்த அம்மா சொல்லவில்லை.

ஆதாரம் கேட்டுப் பதினெட்டு நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் டிபன் பாக்ஸ் கதைதான் என்று முடிவு கட்டினேன். ஒன்பதாம் தேதி மாமாவுக்குப் போன் போட்டு, "வியாழக்கிழமை லைப்ரரிக்குப் போறேன்கிறானே, நிஜமா மாமா?" என்று கேட்டேன். அவர், "எந்த லைப்ரரி?" என்று கேட்டார். நான் அதையும் சொன்னேன். மழை, சிவப்புக் கண்ணாடி, பேச்சு வட்டம், எல்லாம். மூன்று நாள் கழித்து உன் சீட்டு வந்தது. சீலைத் தடவிப் பார்த்தேன். பாதிப் பக்கம் கிழிந்து வந்ததைப் பார்த்ததும்தான் நம்பினேன். இவ்வளவு மோசமாக ஒரு புத்தகத்தை உன்னைத் தவிர யாரும் கிழிக்க முடியாது.

கவர் விஷயம் படித்ததும் மாமாவிடம் நேராகக் கேட்கவில்லை. அந்த அளவுக்காவது புத்தி வந்தது. "அட்டை புதுப்பிச்சாச்சா மாமா?" என்றேன்.

"ஆச்சும்மா, போன மாசமே ஆச்சு."

"அம்மா பாக்கணும்ங்கறாங்க, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்."

"லேமினேஷனுக்குக் குடுத்திருக்கேன்."

ஒரு மாதமாக லேமினேஷன். கடையில் காலாவதியான சரக்கைத் தள்ளப் பார்க்கும் ஏஜென்ட் இதைவிட நல்ல பொய் சொல்வான். அட்டை போய்விட்டால் உனக்கு வேறெங்கும் வேலை கிடையாது. அவர் கண்ணெதிரில், அவர் சொன்ன நேரம் வரைக்கும் மடித்துக்கொண்டே இருப்பாய். வாய் திறக்க மாட்டாய். அவர் பேச்சைக் கேட்டு நட என்று உனக்கு எழுதியதும் இந்தக் கைதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தம்பி என்றால் உயிர். எனக்கும் அப்படித்தான், ஆனால் நான் காட்டுகிற விதம் உனக்குத் தெரியும்.

அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. நம்பச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. இருந்தாலும் யோசித்துப் பார். உன்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்னது உன் அக்கா. அவள் இல்லை.

மே முப்பது. எண்ணிக்கொள்.

அக்கா

*

மே 13

உன் லெட்டர எட்டு நாளைக்கு முன்னாடிதான் பாத்தேன். தபால்காரன் வர நேரத்துக்குக் கீழ போய் நின்னு வாங்கினேன். படிச்சதும் முதல்ல உம்மேல வந்த கோவத்த இங்க எழுதல, காகிதம் பத்தாது. ரெண்டாவது, எனக்கே வெக்கமாப் போச்சு. ஒரு மாசமா அந்தப் பொம்பளய மனசுக்குள்ள திட்டித் தீத்திருக்கேன்.

அன்னைக்கே போனேன். பல்வலின்னு சொல்லிட்டு. வட்டத்துல கத்துக்கிட்ட வார்த்தை அது, மாமாகிட்டயே அந்த பாஷையில சொன்னேன், ஆளு அசந்துட்டாரு. போறப்ப டிராயர்ல இருந்த கவர எடுத்து சட்டைக்குள்ள வச்சுக்கிட்டேன். புத்தகம் வேற. நடந்தா வயித்துல கரகரங்குது.

உள்ள போனேன், ஆனா மேசைக்குப் போகல. பேப்பர் மாட்டி வச்சிருக்கற ஸ்டாண்டுக்குப் பின்னாடி நின்னு அவளையே பாத்துட்டிருந்தேன். சீட்டக் கிழிச்சவன், பொய் அட்ரஸ் குடுத்தவன், எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போறது? அஞ்சு நிமிஷம் ஆச்சு. கதவு தொறந்துச்சு. மாமா.

பல்வலிய அவரும் நம்பல போல. நம்ம குடும்பமே அப்படித்தான்.

அக்கா, அவர் வழிகாட்டிப் பலகை எதையும் பாக்கல. நேரா தமிழ்த் தட்டுக்குப் போனாரு, கண்ணக் கட்டி விட்டாலும் போற மாதிரி. விரல வச்சு ஒவ்வொண்ணா தடவிக்கிட்டே வந்தாரு. கர்ப்பிணி, கர்ப்பிணி, சமையல். மீன் புத்தகம் இருந்த எடத்துல விரல் நின்னுச்சு. அந்தச் சந்துக்குள்ள விரல விட்டுட்டு அப்படியே நின்னாரு. எவ்ளோ நேரம்னு தெரியல. புத்தகம் என் வயித்துல.

அப்புறம் சிவப்புக் கண்ணாடிகிட்ட போனாரு. அந்த பாஷைய அவர் தண்ணி மாதிரி பேசறாரு, எனக்குப் பாதி புரிஞ்சுது. என் அக்கா பையன், இந்த உயரம், இங்க வரானா, யாரோட பேசறான், ஏதாவது பாரம் கொண்டு வந்தானா.

அவ கண்ணாடியக் கழட்டி வச்சா. "யார் வந்தாங்க, யார் என்ன எடுத்தாங்கன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்ல."

"நான் அவனுக்கு மாமா. அவனுக்கு நான்தான் பொறுப்பு."

"யாருக்கும்"னா.

அதே வார்த்தை. அதே மாதிரி மெதுவா. எங்கிட்டச் சொன்னப்ப செவுள்ல அறைஞ்ச மாதிரி இருந்துச்சுல்ல? இப்ப எனக்கும் அவருக்கும் நடுவுல அவ ஒரு கதவச் சாத்தின மாதிரி இருந்துச்சு. நான் அந்தக் கதவுக்கு உள்பக்கம்.

மாமா, "இன்னும் நீங்கதான் இருக்கீங்களா இங்க"ன்னாரு. அது எனக்கு முழுசாப் புரிஞ்சுது, வட்டத்துல இருக்கற வாக்கியம்தான். அவ தலைய ஆட்டினா. அவர் போயிட்டாரு.

நான் ஸ்டாண்டுக்குப் பின்னாலேர்ந்து வெளிய வந்து புத்தகத்தையும் கவரையும் மேசையில வச்சேன். பக்கம் கிழிஞ்சத விரிச்சுக் காட்டினேன். அவ பாத்தா. டிராயர்லேர்ந்து பசையும் புதுச் சீட்டும் எடுத்து எங்கிட்டயே குடுத்து, ஒட்டுன்னா. கோணலா ஒட்டினேன். அவ்வளவுதான் போலீஸ். ரூம் நம்பர் பொய்யின்னு சொன்னேன், அதுக்குத்தான் சிரிச்சா. புதுசா எழுத வச்சா.

கவர்ல என்ன இருந்துச்சு தெரியுமா? அட்டை புதுப்பிக்க நானே நேர்ல வரணும். குடியிருக்கற எடத்துக்கு ஒரு சான்று, பாஷை கத்துக்கறதுக்கு ஒரு சான்று. வேற ஒண்ணும் வேணாம். மாமா செய்ய வேண்டிய வேலை அதுல ஒண்ணுகூட இல்ல அக்கா. எங்கிட்ட கவரக் குடுத்திருந்தாப் போதும்.

பாஷைச் சான்று அவளே எழுதி சீல் வச்சா, நான் வந்த வியாழக்கிழமை அத்தனையும் தேதி போட்டு. நான் வந்தேன்னு என் கையில குடுக்கறதுக்கு மட்டும்தான் எழுதுவாங்களாம், அதுவும் நான் கேட்டதால. குடியிருப்புச் சான்றுக்கு கட்டடத்து மேனேஜருக்கு ஒரு லெட்டர், எப்படிக் கேக்கணும்னு வட்டத்துல எட்டுப் பேரும் சேந்து எனக்குப் பழக்கி விட்டாங்க. பல் டாக்டர்தான் மேனேஜரா நடிச்சாரு. முரட்டு மேனேஜர். நிஜ மேனேஜர் ரெண்டே நிமிஷத்துல குடுத்துட்டான். பாஸ்போர்ட் எங்கன்னு கேட்டா, மாமாகிட்ட இருக்குன்னு சொன்னேன். அவ முகம் அப்பத்தான் மாறுச்சு. பாஸ்போர்ட்ட வேற யாரும் பிடிச்சு வச்சுக்கக் கூடாதாம், அதச் சொல்றதுக்குன்னே ஆபீஸ்ல ஒரு பாரம் இருக்காம். செவ்வாய்க்கிழமை மேசையில உக்காந்து நிரப்பினோம். அந்தப் பாரத்துல 'பிடித்து வைத்திருப்பவர் உறவு' அப்படின்னு ஒரு கட்டம். அங்க பேனா நின்னுடுச்சு. அவ அவசரப்படுத்தல. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா. நான் எழுதினேன்.

அவரும் ஒரு நாள் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பாரு. அவருக்கும் அவதான் நிரப்பிக் குடுத்திருப்பா. இத நான் அவகிட்ட கேக்கல. கேட்டா என்ன சொல்வான்னு தெரியும்.

நீ கேட்டியே அந்த நாலு மாசம். பஸ் ஸ்டாண்டு. டிபன் பாக்ஸ மடியில வச்சுக்கிட்டு, போற பஸ்ஸையெல்லாம் பாத்துட்டு உக்காந்திருந்தேன். க்ளாஸ்ல ஒண்ணும் புரியல, புரியலன்னு சொல்லவும் தெரியல. கேள்வி கேக்காம உக்கார விட்ட எடம் அது ஒண்ணுதான். வேற பெரிய ரகசியம் எல்லாம் இல்ல. உன் தயிர்சாதம் நல்லா இருந்துச்சு.

இப்ப ஆபீஸ் காத்திருப்பு ஹால்ல உக்காந்து எழுதறேன். டோக்கன் எழுபத்தி மூணு. போர்டுல எழுபத்தி ஒண்ணு ஓடுது. காலைலேர்ந்து சலவைக் கூடத்துல என்னக் காணோம். மாமா இந்நேரம் உனக்குப் போன் போட்டிருப்பாரு, இல்ல இன்னைக்குப் போடுவாரு. அழுவாரு, அம்மாவ இழுப்பாரு, கொன்னுடுவேம்பாரு. உனக்கு இந்த லெட்டர் வரதுக்குள்ள நீ எதையாவது உளறியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. உளறலன்னா, இனிமேயும் உளறாத. அவன் எங்க போனான், யாரப் பாத்தான்னு யார் கேட்டாலும், அம்மாவே கேட்டாலும், என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும், சிவப்புக் கண்ணாடி சொன்னத ரெண்டு லெட்டர்ல எழுதியிருக்கேன். மெதுவா சொல்லணும். வேணும்னா கண்ணாடியக் கழட்டி வச்சுக்க.

எழுபத்தி ரெண்டு வரவே இல்ல போல, என் நம்பரக் கூப்பிட்டுட்டாங்க. போறேன்.